கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள்

கேள்வி:

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழி. கணவர் கடல் தொழில் செய்கிறார். மூத்த மகனுக்கு 9 வயது, நாலாம் தரம் படிக்கிறார். கொழும்பில் காட்டியபோது அஸ்பெர்ஜர் வகை ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சில் ஒரு குறையும் இல்லை. கரையில் நிற்கிற எந்தப் படகைக் கேட்டாலும் பதிவு இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார். சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது திரும்பும் என்று வாப்பாவுக்கே பாடம் எடுப்பார். ஆனால் சேட்டுக்குப் பொத்தான் போடத் தெரியாது. சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது. தலையில் தண்ணீர் ஊற்றினால் அக்கம்பக்கம் கூடுமளவுக்குக் கத்துகிறார். பல் தீட்ட வாயைத் திறக்க மாட்டார். சோறு சாப்பிட்டால் பாதி கீழே. கக்கூசுக்குப் போனால் இன்னமும் நான்தான் கழுவிவிட வேண்டும். 5 வயதுத் தங்கச்சி இதையெல்லாம் தானே செய்துகொள்கிறாள்.

நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று மாமி சொல்கிறார். "சோம்பல்தான், ஒரு மாதம் என்னோடு கடலுக்கு வந்தால் எல்லாம் சரியாகும்" என்று கணவர் சொல்கிறார். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் அடித்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் நானே உடுத்திவிட்டு அனுப்புகிறேன். இவ்வளவு அறிவுள்ள பிள்ளைக்கு இது மட்டும் ஏன் வரவில்லை? வீட்டில் நான் என்ன செய்யலாம்?

— ஒரு தாய், கண்டக்குழி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் சில வரிகளை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மகன் சோம்பேறி அல்ல. நீங்கள் செல்லம் கொடுத்ததாலும் இது வரவில்லை. நூறு படகுகளின் இலக்கத்தை நினைவில் வைப்பது ஒரு திறன். பொத்தானைத் துளைக்குள் செலுத்துவது வேறொரு திறன். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று பெரியவர்கள் எண்ணிக்கொள்வதால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏச்சும் அடியும் கிடைக்கின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. வியன்னாவில் சிறுவர் வைத்தியராக இருந்த ஹான்ஸ் அஸ்பெர்ஜர் 1944-இல் எழுதிய கட்டுரையிலேயே, பெரியவர்களைப் போலப் பேசும் பிள்ளைகளின் உடல் அசைவு தடுமாற்றமாக இருப்பதையும், உடுப்பது, கழுவுவது போன்ற அன்றாட வேலைகள் அவர்களுக்கு எளிதில் படியாததையும் குறித்திருக்கிறார். அவர் பெயரால் இந்த நிலையை 1981-இல் உலகம் அறியச் செய்தவர் இங்கிலாந்து மனநல வைத்தியர் லோர்னா விங். 2013-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் கையேட்டில் இதைத் தனிப் பெயராக வைக்காமல் ஆட்டிசம் என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அப்படியே. ஆகவே அடுத்த முறை கிளினிக் அட்டையில் வெறும் ஆட்டிசம் என்று எழுதினால் பதறாதீர்கள். பிள்ளைக்கு நோய் கூடிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடன் பணியாற்றியோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டின் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஆட்டிசம் காணப்பட்டது. உங்கள் மகனின் பாடசாலையிலேயே இன்னொரு தாய் இதே கவலையோடு இருக்கக்கூடும்.

கை ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

பொத்தான் போடும்போது உங்கள் கைகளைக் கவனியுங்கள். இடக்கை விரல்கள் துளையின் ஓரத்தைப் பிடித்து விரிக்கின்றன. வலக்கை பொத்தானைச் சாய்த்துப் பாதிவரை தள்ளுகிறது. உடனே இடக்கைப் பெருவிரல் மறுபக்கத்திலிருந்து அதைப் பற்றி இழுக்கிறது. இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கின்றன. நீங்கள் பார்ப்பதுகூட இல்லை.

உங்கள் மகனுக்கு இதில் பல இடங்களில் தடங்கல் வரலாம். விரல் மூட்டுகள் தளர்வாக இருந்தால் பிடி நிற்காது. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லும் செய்தி தெளிவில்லாமல் இருந்தால், பார்த்துப் பார்த்தே செய்ய வேண்டியிருக்கும். எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு நடுவில் அறுந்துபோகலாம். சேட்டின் கழுத்துப் பட்டியோ காலில் ஒட்டிய மணலோ பொறுக்க முடியாத உறுத்தலாக இருந்தால், கவனம் முழுவதும் அங்கேயே போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாமே அடம் போலத்தான் தெரியும். ஆகவே "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பின்னிருந்து முன்னாக

என் அனுபவத்தில் வீட்டில் பெரிய பலன் தரும் முறை ஒன்று உண்டு. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரியுங்கள். கடைசிப் படியைத் தவிர மற்றதையெல்லாம் நீங்களே செய்யுங்கள். கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது கைவந்த பிறகு, அதற்கு முந்திய படியையும் அவரிடம் கொடுங்கள். இப்படிப் பின்னிருந்து முன்னாகப் போக வேண்டும்.

முதற்படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் தடுமாறுவார், நீங்கள் வாங்கி முடிப்பீர்கள். அவர் மனதில் நிற்பது "என்னால் முடியவில்லை" என்பதுதான். கடைசிப் படியை அவர் செய்தால் வேலையை முடித்தவர் அவரே. ஒவ்வொரு முறையும் வெற்றியில் முடிவதால் மறுநாள் கேட்டால் வருவார்.

பொத்தானுக்கு இப்படிச் செய்யுங்கள். வாப்பாவின் பழைய சேட் ஒன்றில் பெரிய பொத்தான்களைத் தைத்து, துளைகளைச் சற்று அகலமாக்குங்கள். முதலில் அதை மேசையில் விரித்து வைத்துப் பழக்குங்கள். நீங்கள் பொத்தானைப் பாதிவரை தள்ளிவிடுங்கள், அவர் மறுபக்கம் பிடித்து இழுக்கட்டும். அது சுலபமான பிறகு தள்ளுவதையும் அவரே செய்யட்டும். பிறகு அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு கீழ்ப் பொத்தானிலிருந்து மேலே போகட்டும். கீழ்ப் பொத்தான் கண்ணுக்குத் தெரியும். கழுத்துப் பொத்தான் தெரியாது, அதனால் அது கடைசியாகத்தான் வரும். பள்ளிச் சேட்டின் பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்காமல் நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டுத் தைத்தால் பிடிக்க இலகு.

இதைப் பள்ளிக்கூட நாள் காலையில் பழக்காதீர்கள். வேன் ஹோர்ன் அடிக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் புதிதாக ஒன்றும் ஏறாது. அஸர் தொழுகைக்குப் பிறகு, வீடு அமைதியாக இருக்கும்போது பத்து நிமிடம் போதும். காலையில் நீங்களே உடுத்திவிடுங்கள், கீழ்ப் பொத்தானைக் கடைசிக்கு வைத்து அதை மட்டும் அவருக்கு விடுங்கள். மற்றதை நீங்கள் செய்வது செல்லம் அல்ல. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

பழக்கும்போது வாயால் அதிகம் சொல்லாதீர்கள். ஒரு சொல், பிறகு சற்றுக் காத்திருத்தல். அவருக்குக் கேட்டதை எண்ணிப் பார்த்துக் கையை அசைக்க நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் நீங்கள் இன்னொன்றைச் சொன்னால் முதலில் சொன்னதும் போய்விடும்.

குளியலும் பல்லும்

கத்தலுக்குக் காரணம் திடீரென்று தலையில் விழும் தண்ணீராக இருக்கலாம். கிணற்றடியில் நீங்கள் வாளியால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, சின்னக் கோப்பை ஒன்றை அவர் கையிலேயே கொடுங்கள். வெயிலில் வைத்து இளஞ்சூடான தண்ணீரை முதலில் காலில், பிறகு முழங்காலில், பிறகு வயிற்றில், தோளில் அவரே ஊற்றட்டும். தான் ஊற்றும் தண்ணீர் எப்போது விழும் என்று அவருக்குத் தெரியும். தலை கடைசி. அதற்கு முன் எத்தனை கோப்பை என்று பேசிக்கொள்ளுங்கள். மூன்று என்றால் மூன்றே, நான்காவது கூடாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களின் வாக்கை அளந்து பார்ப்பார்கள். சவர்க்காரம் கையில் வழுக்கினால் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். துவட்டும்போது மெல்லத் தேய்க்காமல் துவாயை அழுத்தி அழுத்தி எடுங்கள். பலருக்கு மென்மையான தொடுதல்தான் கூசும், அழுத்தமானது கூசாது.

பல் தீட்ட மறுப்பதற்குப் பற்பசையின் எரிவும் நுரையும் காரணமாக இருக்கலாம். சில நாட்கள் மென்மையான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து மட்டும் தீட்டட்டும். பிறகு காரமில்லாத பற்பசையைப் பொட்டளவு வைத்துப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவாருங்கள். புளோரைட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிரஷ் பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். இலக்கம் பிடிக்கும் பிள்ளை அல்லவா? வாயை ஆறு பகுதியாகப் பிரித்துப் பகுதிக்குப் பத்து எண்ணிக்கை என்று வையுங்கள். முடிவு தெரிந்த வேலையைத் தாங்கிக்கொள்வது எளிது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. வுழூவைச் சொல்கிறேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, கால் என்று மாறாத ஒழுங்கும், கழுவும் உறுப்புகளுக்கு மும்மூன்று தடவை என்ற எண்ணிக்கையும் அதில் உண்டு. ஒழுங்கை விரும்பும் இவருடைய மனதுக்கு இது மிகவும் பொருந்தும். ஒவ்வொரு படியையும் சின்னப் படமாக வரைந்து தண்ணீர்க் குழாய்க்கு மேல் ஒட்டுங்கள். முதலில் வேகம் பார்க்காதீர்கள், ஒழுங்கு போதும். முகத்தில் தண்ணீர் படுவதை இங்கே பழகினால் குளியலுக்கும் அது உதவும்.

கக்கூசும் மறைவும்

குந்தியிருந்து, சமநிலையும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கையால் கழுவுவது பெரிய வேலை. சமநிலை போதாத பிள்ளைக்கு ஒரு கை சுவரைத் தேடும், கழுவக் கை மிஞ்சாது. சுவரில் உறுதியான பிடி ஒன்றைப் பொருத்திக் கொடுங்கள். இடுப்புக்குப் பின்னால் கை எட்டுவதற்கு ஒரு விளையாட்டு உண்டு. துணிக் கிளிப்புகளை அவருடைய காற்சட்டையின் பின்பக்கம் மாட்டிவிட்டு, பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து தொடங்கி நடுவுக்குக் கொண்டுபோங்கள். அது பழகிய பின், நீங்கள் கழுவிவிட்டுக் கடைசிக் கோப்பைத் தண்ணீரை அவரிடம் கொடுங்கள். அதன் பின் கடைசி இரண்டு கோப்பை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதோடுதான் வேலை முடிகிறது என்பதையும் சேர்த்தே பழக்குங்கள்.

இதோடு சேர்த்து மறைவையும் கற்றுக்கொடுக்க வேண்டும். கதவைச் சாத்துவது, உடுத்திய பிறகு வெளியே வருவது, உடம்பைக் கழுவ உதவுவதற்கு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் மட்டுமே அனுமதி என்பது, வேறு யாராவது தொட்டால் உடனே வந்து சொல்வது ஆகியவற்றைத் தெளிவான விதிகளாகச் சொல்லுங்கள். பெரியவர் சொன்னதை அப்படியே நம்பும் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் மிக அவசியம். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் பிள்ளைக்கு ஆபத்தும் குறைவு.

சாப்பாடு

குழைந்த சோறு விரலில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் கரண்டி கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கையால் சாப்பிடுவதை ரொட்டி, இடியப்பம் போன்ற உலர்ந்தவற்றில் பழக்குங்கள். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி விரியுங்கள். கதிரையில் இருந்தால் பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும், தொங்கினால் கையும் தடுமாறும். மீனில் கவனம் தேவை. சூடை போன்ற சின்ன முள் மீனை அவரிடம் தனியே விடாதீர்கள். அறக்குளாத் துண்டில் நடு முள்ளை எடுப்பதிலிருந்து பழகட்டும்.

வாப்பாவுக்கு ஒரு பொறுப்பு

கடலுக்குக் கூட்டிப்போகும் யோசனையில் நல்லதொன்றும் ஆபத்தொன்றும் இருக்கின்றன. சமநிலை போதாத பிள்ளைக்கு அலையில் ஆடும் படகும் இன்ஜின் இரைச்சலும் பயிற்சி ஆகாது. பயந்துபோனால் கரைக்கே வர மறுப்பார். ஆனால் கரையில் நடக்கும் வேலைகள் நல்ல மருந்து. கரைவலைக் கயிற்றை வாப்பாவோடு சேர்ந்து இழுப்பது, அரை வாளி தண்ணீர் சுமப்பது, வீட்டில் ரொட்டி மா குழைப்பது, தேங்காய்ப்பால் பிழிவது ஆகிய பாரமான வேலைகள் தோளையும் விரலையும் பலப்படுத்தும். பல பிள்ளைகளுக்கு மனதையும் அமைதிப்படுத்தும். நீந்தவும் பழக்குங்கள். களப்புப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில், உயிர்காப்பு அங்கியோடு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவரோடு. தண்ணீரில் தூக்கிப் போட்டால் தானாக நீந்துவான் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

லேஸ் கட்டுவதை நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம், வாப்பாவிடமே விடுங்கள். வலை பொத்தும் கைக்கு முடிச்சு நன்றாகத் தெரியும். இரண்டு நிறத்தில் தடித்த கயிறு இரண்டு துண்டு எடுத்து ஒரு கதிரைக் காலில் கட்டட்டும். பிள்ளைக்கு எதிரே இருக்காமல் பக்கத்தில், ஒரே திசை பார்த்து இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். பிள்ளை இடக்கைக்காரராகவும் வாப்பா வலக்கைக்காரராகவும் இருந்தால் மட்டும் எதிரே இருப்பது நல்லது. வாப்பா முடிச்சை முக்கால்வாசி போட்டுவிட, கடைசி இழுப்பை மகன் இழுக்கட்டும். நீலக் கயிறு மேலே, சிவப்புக் கயிறு கீழே என்று நிறத்தைச் சொல்லிப் பேசினால் குழப்பம் இல்லை. தடித்த கயிறு படிந்த பிறகு மெல்லிய கயிறு, அதன் பிறகே சப்பாத்து. அதுவரை ஒட்டுப்பட்டிச் சப்பாத்து போட்டுப் போகட்டும். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் ஏச்சு விழாது.

யாரைப் பார்ப்பது?

உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் வழியாகப் புத்தளம் வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். அங்கே, இப்படிப்பட்ட அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கு எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இயங்கும் அயத்தி நிலையமும் இருக்கின்றன. கற்பிட்டிப் பக்கமிருந்து போய்வர முழு நாளும் செலவும் ஆகும் என்பதால், போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய வேண்டியவற்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளை பொத்தான் போடுவதையும் சாப்பிடுவதையும் முன்கூட்டியே ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் பிள்ளை செய்து காட்டாவிட்டாலும் அது பேசும். கண்பார்வையையும் ஒருமுறை பரிசோதியுங்கள். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, அடிக்கடி விழுந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவற்றுக்கு வேறு காரணம் இருக்கலாம்.

இவ்வளவையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். இரண்டை மட்டும் தெரிவு செய்யுங்கள். கழுவிக்கொள்வதை முதலில் எடுங்கள், ஏனென்றால் அதில் அவருடைய மானமும் பாதுகாப்பும் இருக்கின்றன. இரண்டாவதை அவரே சொல்லட்டும். தங்கச்சியோடு ஒப்பிடும் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். மாமியிடம் கோபிக்க வேண்டாம். பிள்ளை கடைசிப் பொத்தானைப் போடும்போது கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு, அன்று எந்தப் படிவரை தானே செய்தார் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சில வாரம் ஒன்றும் நகராதது போலிருக்கும். காய்ச்சல், பள்ளி விடுமுறை, நோன்பு காலத்து நேர மாற்றம் என்று ஏதாவது வந்தால் பின்வாங்கவும் செய்யும். அப்போது ஒரு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இரண்டு வேலைகளை அதை வைத்துத் தெரிவு செய்வோம்.